T எழுதிய இரண்டு டப்பிகள்

அக்கா மணப்பெண் அலங்காரத்துக்குச் சாமான் சேர்க்கத் தொடங்கிய பிறகு எங்கள் வீட்டில் எதைத் திறந்தாலும் உள்ளே ஒரு லிப்ஸ்டிக் இருந்தது. பிரிட்ஜில் முட்டை வைக்கும் குழிகளில் ஆறு. தையல் பெட்டியில் மூன்று. அம்மாவின் மூக்குக்கண்ணாடிக் கூட்டில் ஒன்று. பிரஷ்கள் குளியலறை ஜன்னலில், மோல்ட் மாவு வந்த ஒரு காலி டின்னுக்குள் ஈரத்தோடு நின்றன.

கண்டிக்கு அருகே வத்தேகமவில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் வீட்டில் இரண்டு அறைகள். ஒன்றில் அம்மா. மற்றதில் நானும் சர்மிளா அக்காவும், அவளுடைய சாமான்களும். அதே அறையில் அலுமாரிக்கு மேல் சாமி படங்கள். அவற்றுக்கு வேறு இடம் இல்லை.

அக்கா கண்டியில் ஒரு சலூனில் வேலை செய்கிறாள். ஆறு வருடமாக மற்றவர்கள் அலங்கரிக்கும் மணப்பெண்களுக்குப் பின்னால் கொண்டை ஊசி நீட்டிக்கொண்டு நின்றவள். இப்போதுதான் முதன்முதலாக ஒரு மணப்பெண் அவளையே கேட்டிருந்தாள். அம்பிட்டியவில் இருக்கும் அனற். முடி வெட்ட வந்தவளுக்கு அக்காவின் வேலை பிடித்துப்போயிற்று. அனற்றின் சொந்தத்தில் கல்யாண வயதில் இன்னும் நாலு பெண்கள் இருக்கிறார்கள் என்று அக்கா என்னிடம் இரண்டு தடவை சொன்னாள். இது சரியாக வந்தால் அவர்களும் வருவார்கள். சரியாக வராவிட்டால் மறுபடியும் கொண்டை ஊசி.

நான் பேராதனையில் விஞ்ஞானப் பட்டம் முடித்து எட்டு மாதம். விண்ணப்பங்கள் போட்டுவிட்டு வீட்டில் இருக்கிறேன். ஆட்களோடு பேசுவது எனக்குக் கஷ்டம். பொருட்களோடு கஷ்டமில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா வேலைக்குப் புறப்படும்போது கேட்டேன்.

“அக்கா, உன் சாமானையெல்லாம் ஒழுங்குபடுத்தி வைக்கவா?”

“ஒழுங்காத்தானே இருக்கு.”

“லிப்ஸ்டிக் முட்டையோட இருக்கு.”

“சூட்டுல உருகுதுடி. சரி, செய். ஒண்ணையும் வீசிறாத.”

கட்டில் விரிப்பைத் தரையில் விரித்து எல்லாவற்றையும் கொட்டினேன். நூற்று நாற்பத்து மூன்று சாமான்கள். பெரும்பாலானவற்றின் அடியில் திறந்த டப்பி போல ஒரு சின்னப் படம் இருந்தது. அதற்குள் 6M, 12M, 24M என்று எழுதியிருந்தது. அக்காவுக்கு இது தெரியுமா என்று அறிய ஆசையாக இருந்தது. செய்தி அனுப்பிக் கேட்டேன்.

“12M-ன்னா மீடியம்” என்று பதில் வந்தது.

“அப்ப 6M?”

“அது குட்டி மீடியம்.”

திறந்த பிறகு எத்தனை மாதம் பாவிக்கலாம் என்பதுதான் அது என்று எழுதினேன். “அப்ப அந்த மஸ்காரா?” என்று கேட்டாள்.

“மூணு வருஷமா திறந்து இருக்கு.”

“யாருக்கும் கண்ணு போகல்லயே.”

மஸ்காராவைத் தனியாக எடுத்து வைத்தேன். மற்றதையெல்லாம் எப்படிப் பிரிப்பது என்று யோசித்தேன். நிறப்படி அடுக்கினால் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் எனக்கு எது எப்படிக் கெட்டுப்போகிறது என்பதில்தான் அக்கறை. தண்ணீர் கலந்தவற்றில் கிருமி வளரும். எண்ணெய் மட்டும் உள்ளவை காறிப்போகும். காய்ந்த தூள் ஈரம் படாதவரை அப்படியே இருக்கும். ஆகவே மூன்று குவியல்கள். லிப்ஸ்டிக்குகளை ஒவ்வொன்றாக முகர்ந்து பார்த்தேன். இரண்டில் பழைய தேங்காய் எண்ணெய் வாசனை. கரண்டி வைக்கும் பிளாஸ்டிக் தட்டுகள் நாலு வாங்கி வைத்திருந்தேன். அவற்றில் அடுக்கி, வெயில் படாமல் அலுமாரிக்குள் வைத்தேன். பிரஷ்களைக் கழுவி, வெளியே கொடியில் கட்டித் தொங்கவிட்டேன்.

கடைசியில் தூள்கள். மேல்மூடிக்குக் கீழே சின்னச் சின்ன ஓட்டைகள் உள்ள ஒரே மாதிரி டப்பிகள் இரண்டு இருந்தன. இரண்டின் மூடியிலும் அக்காவின் கையெழுத்தில் T. ஒன்று முகம் பார்க்கும் கண்ணாடி மேசையில் இருந்தது. மற்றது அலுமாரியின் மேல் விளிம்பில் நின்றது. மேசையில் இடம் போதாமல் அக்கா அங்கே வைத்திருப்பாள் என்று எடுத்தேன். இரண்டும் பாதிதான் இருந்தன. ஒன்று கொஞ்சம் ரோஸ் கலந்த வெள்ளை. மற்றது கொஞ்சம் சாம்பல் கலந்த வெள்ளை. பழசாகி நிறம் மாறியிருக்கும் என்று நினைத்தேன். விஞ்ஞானம் படித்தவள் அப்படி நினைத்திருக்கக் கூடாது. ஒன்றை மற்றதில் கொட்டி, நன்றாகக் குலுக்கி, காலி டப்பியைக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன்.

அன்று மாலை அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

“பவுண்டேஷன் எங்க?”

“தண்ணி இருக்கிற தட்டுல.”

“எந்தத் தண்ணி?”

விளக்கினேன். “நல்லவேளை நீ டொக்டருக்குப் படிக்கல்ல. ஆளுங்களையும் இப்படித்தான் பிரிச்சு வச்சிருப்ப” என்றாள். ஆனால் அலுமாரியைத் திறந்து திறந்து மூடிப் பார்த்தாள்.

செவ்வாய்க்கிழமை அம்பிட்டியவுக்குப் போய் அனற்றுக்கு ஒத்திகை அலங்காரம் செய்தாள். திரும்பி வந்தவள் செருப்பைக் கூடக் கழற்றாமல் சொன்னாள். அனற்றின் முகம் எண்ணெய் முகம். என்ன போட்டாலும் ஒரு மணித்தியாலத்துக்குள் மூக்கு மினுங்கும். இன்றைக்குப் பத்து மணியிலிருந்து மூன்று மணிவரை மினுங்கவே இல்லை.

அனற் அனுப்பியிருந்த செய்தியைக் காட்டினாள். “அக்கா, கல்யாணத்தன்னைக்கும் கட்டாயம் அந்தப் பவுடரே போடுங்க.”

“பாத்தியா? நீ அடுக்கி வச்ச ராசி” என்றாள் அக்கா. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கல்யாணத்துக்கு இன்னும் பதினொரு நாள்.

வெள்ளிக்கிழமை காலை, அக்கா வேலைக்குப் போன பிறகு, அம்மா வாராவாரம் செய்யும் பூசைக்காக அலுமாரிக்கு மேல் கையை விட்டுத் தடவினாள்.

“தர்ஷி, இங்க இருந்த திருநீறு எங்க?”

“எதுல இருந்துச்சும்மா?”

“அந்த ஓட்டை மூடி டப்பியில. அக்கா காலி பண்ணிட்டு வீசப் போனா. நான் எடுத்துக் கழுவி வச்சேன். கவுத்தா அளவா விழும், சிந்தாது.”

“மேல T-ன்னு எழுதி இருந்துச்சா?”

“ஆமா. நீதானே எழுதி வச்சே?”

“நான் எழுதல்லம்மா. அது அக்கா எழுதினது.”

“யாரு எழுதினா என்ன? T-ன்னா திருநீறுதானே.”

“இல்லம்மா. டிரான்ஸ்லூசன்ட்.”

“அது என்னது?”

“முகத்துல போட்டா வெளிய தெரியாத பவுடர்.”

“தெரியாததை எதுக்குப் போடுறது?”

கலந்து வைத்த டப்பியை எடுத்துக் கொடுத்தேன். அம்மா விரலில் தட்டி நெற்றியில் இழுத்தாள். பட்டை லேசான ரோஸ் நிறத்தில் இருந்தது. விரலை மூக்கருகில் கொண்டுபோனாள்.

“வாசமா இருக்கே.”

நடந்ததைச் சொன்னேன். அம்மா கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். “பெரியம்மா பன்வில தோட்டத்துக் கோயில் திருவிழாவுல இருந்து குடுத்து அனுப்பினது” என்றாள். பிறகு, “அந்தக் கல்யாணப் புள்ள வேதக்காரப் புள்ளதானே, சர்ச்சுக்குப் போறவ?” என்று கேட்டாள்.

“ஆமா.”

“ஐயோ. அவங்க அம்மாவுக்குத் தெரிஞ்சா? சர்மிளாகிட்ட நீயே சொல்லு. நான் சொன்னா என்னத்தான் ஏசுவா.”

உடனே அக்காவை அழைத்துச் சொல்லியிருக்கலாம். பயம் ஒரு காரணம். இன்னொரு காரணமும் இருந்தது. ஐந்து மணித்தியாலம் அந்த மூக்கை மினுங்காமல் வைத்திருந்தது இரண்டில் எது?

அக்காவிடம் அதே பவுடரில் திறக்காத புது டப்பி ஒன்று இருந்தது. அதைத் திறந்தேன். மஞ்சள் தூளைத் தண்ணீரில் குழைத்துக் காகிதத்தில் இரண்டு இடத்தில் பூசி, ஒன்றில் புது பவுடரையும் மற்றதில் கலவையையும் தூவினேன். புது பவுடர் விழுந்த இடம் மஞ்சளாகவே இருந்தது. கலவை விழுந்த இடம் மெல்ல மெல்லச் சிவந்தது. மஞ்சளில் சுண்ணாம்பு சேர்ந்தால் சிவக்கும் என்பது ஆரத்தி கரைக்கிற எல்லோருக்கும் தெரியும். அதே விஷயம்தான். சாம்பலில் காரம் இருக்கிறது.

பிறகு என் முகம். இடது பாதியில் கலவை. வலது பாதியில் புது பவுடர். மூக்கின் நடுவில் எல்லை. ஆனால் வீட்டுக்குள் இருந்தால் வியர்க்காது. பஸ் ஏறிக் கண்டிக்குப் போனேன். குட்செட் பஸ் நிலையத்தில் இறங்கி மார்க்கெட் வரை வெயிலில் நடந்து திரும்பினேன். கைபேசிக் கண்ணாடியில் பார்த்துப் பார்த்துக் கொப்பியில் நேரம் எழுதினேன். முகத்தில் பாதி வேறாக இருந்தும் ஒருவரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. அதையும் எழுதி வைத்தேன்.

11.20க்கு மூக்கின் வலது பக்கம் மினுங்கியது. இடது பக்கம் மினுங்கவில்லை. 1.00 மணிக்கும் மினுங்கவில்லை. அப்படியானால் வேலை செய்தது திருநீறுதான்.

ஆனால் 1.00 மணிக்கு இடது கன்னம் காய்ந்த பசை போல இழுத்தது. மூன்று மணிக்குத் தாடையோரம் சிவந்தது. வீட்டுக்கு வந்து இரண்டு படம் எடுத்தேன். சாதாரண வெளிச்சத்தில் இரண்டு பாதியும் ஒன்றாக இருந்தன. பிளாஷ் போட்டு எடுத்த படத்தில் இடது பாதி மட்டும் சுவர் போல வெள்ளையாக இருந்தது. அந்தத் தூள் பிளாஷ் வெளிச்சத்தை அப்படியே திருப்பி அனுப்புகிறது.

அக்கா செவ்வாய்க்கிழமை எடுத்த படங்கள் எல்லாம் ஜன்னல் ஓரத்தில் எடுத்தவை. கல்யாணத்தில் போட்டோக்காரர் பிளாஷ் இல்லாமல் எடுக்க மாட்டார். நான் பேசாமல் இருந்தால் அனற் தன் கல்யாண ஆல்பத்தில் வெள்ளை முகத்தோடு நிற்பாள். சொன்னால் அக்காவின் முதல் மணப்பெண் கைவிட்டுப் போகலாம்.

அக்கா வந்ததும் கைபேசியை நீட்டினேன். வாயால் தொடங்க வரவில்லை.

“யாருடி இது? ஒரு பக்கம் உயிரோட இருக்கு, மத்தப் பக்கம் பொணம் மாதிரி இருக்கு.”

“நான்தான்” என்றேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன்.

அக்கா கதிரையில் உட்கார்ந்தாள். “அனற் முகத்துல நான் திருநீறா பூசினேன்?”

“பாதிக்குப் பாதி.”

“இதுல கணக்கு வேறயா?”

அம்மா அடுப்படியிலிருந்து வெளியே வரவில்லை. அக்கா நகத்தைக் கடித்தாள். “பழசு முடிஞ்சு போச்சுன்னு சொல்லிருவோம். புதுசைப் போட்டா முடிஞ்சுது.”

“மூக்கு மினுங்கும். ஏன்னு கேப்பாங்க.”

“கேக்கட்டும்.”

“செவ்வாய்க்கிழமை அவங்களுக்கும் சிவந்திருக்கும், அக்கா. எதாலன்னு தெரியாம இருப்பாங்க.”

அக்கா என் தாடையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தாள். சிவப்பு இன்னும் போகவில்லை. விரலால் தொட்டாள். பிறகு சொன்னாள். “ஞாயித்துக்கிழமை போவோம். ஆனா நீதான் வாயத் திறக்கணும். கலந்தது யாரு?”

ஞாயிற்றுக்கிழமை கண்டிக்கு ஒரு பஸ், அம்பிட்டியவுக்கு இன்னொரு பஸ். என் பையில் இரண்டு டப்பி, மஞ்சள் காகிதம், கொப்பி. சொல்ல வேண்டிய வசனத்தை வழியெல்லாம் மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன்.

அனற்றின் அம்மா மேபல் ஆன்ட்டி மாதா கோயில் பூசைக்குப் போய் வந்த சேலையோடு இருந்தார். தேத்தண்ணியும் பிஸ்கட்டும் வைத்தார். அனற் எதிரே உட்கார்ந்து, “இவதானா அந்த அடுக்கி வைக்கிற தங்கச்சி?” என்று சிரித்தாள். அக்கா தரையைப் பார்த்தாள். நான் கோப்பையைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்.

“உங்க முகத்துல போட்ட பவுடர்ல பாதி எங்க அம்மாவோட திருநீறு.”

மேபல் ஆன்ட்டி கோப்பையைக் கீழே வைத்தார். “என்னது?”

“கோயில் திருநீறு, ஆன்ட்டி. ரெண்டு டப்பியிலயும் T-ன்னு எழுதியிருந்துச்சு. நான் ஒண்ணாக் கலந்துட்டேன். அக்காவுக்குத் தெரியாது.”

“T-ன்னு எழுதியிருந்தா?”

“ஆமா.”

“நல்லவேளை, தேயிலைத் தூள் இல்ல.” அவர் சிரிக்கவில்லை. அக்காவின் பக்கம் திரும்பினார். “சர்மிளா, எங்களுக்கும் திருநீற்றுப் புதன் இருக்கு, தெரியுமா?”

“தெரியும், ஆன்ட்டி” என்றாள் அக்கா.

“அது புதன்கிழமை. நீங்க செவ்வாய்க்கிழமையே போட்டுட்டீங்க. அதுவும் சாமியார் நெத்தியில மட்டுந்தான் வைப்பாரு. காது வரைக்கும் பூச மாட்டாரு.”

அவர் கோபமாக இருக்கிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. முதலில் சிரித்தது அனற். பிறகு மேபல் ஆன்ட்டியின் தோள்கள் குலுங்கின.

“அதான் அன்னைக்குத் தாடையில சிவந்துச்சு” என்றாள் அனற். “நான் இறால்ன்னு நெனச்சேன். அஞ்சு நாளா வீட்டுல இறால் சமைக்க விடல்ல.”

“எங்க எல்லாருக்கும் பட்டினி” என்றார் மேபல் ஆன்ட்டி.

பிளாஷ் படத்தைக் காட்டினேன். மேபல் ஆன்ட்டியின் சிரிப்பு நின்றது. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். “எம்புள்ள கோயில்ல இப்படி நிக்க இருந்தாளா?” என்றார். “சர்மிளா, தப்பா எடுக்காதீங்க. எங்க நாத்தனார் மக கண்டியில சலூன் வச்சிருக்கா. அவகிட்ட போன்னுதான் எல்லாரும் சொன்னாங்க. இவதான் உங்ககிட்டன்னு நின்னா.”

அக்கா கைப்பையின் வாரைச் சுற்றிச் சுற்றிப் பிடித்தாள். அவள் பேசினால் அழுதுவிடுவாள் என்று எனக்குத் தெரியும். ஆகவே நான் பேசினேன்.

“இப்பவே செஞ்சு பாக்கலாமா? திருநீறு இல்லாம. ஒரு பக்கம் வழக்கம்போல. மத்தப் பக்கம் வேற மாதிரி. ரெண்டு மணித்தியாலம் போதும்.”

“முகத்தைப் பிரிச்சா?” என்று கேட்டாள் அனற். கண்ணை விரித்தாள். “செய்ங்க, செய்ங்க.”

அனற் முகம் கழுவி வந்தாள். இடது பக்கம் அக்கா வழக்கம்போல பவுடர் போட்டாள். வலது பக்கம் முதலில் மெல்லிய டிஷூவை அழுத்தி எண்ணெயை எடுத்து, மிக மெல்லிதாகப் பவுடர் ஒற்றி, மறுபடியும் டிஷூ வைத்தாள். மேபல் ஆன்ட்டி தன் கைபேசியில் பிளாஷ் போட்டுப் படம் எடுத்தார். இரண்டு பக்கமும் முகத்தின் நிறமாகவே இருந்தன.

பிறகு காத்திருந்தோம். வெங்காயம் உரித்தோம். ஆன்ட்டி அனற்றை அடுப்பருகில் நிற்க வைத்தார். “பூசை நேரமும் இப்படித்தான் வேர்க்கும்” என்றார். ஐம்பதாவது நிமிடம் இடது பக்கம் மினுங்கியது. வலது பக்கம் ஒரு மணித்தியாலமும் பத்து நிமிடமும் தாங்கியது. மினுங்கியதும் டிஷூவை ஒற்றினேன். மினுக்கம் போய்விட்டது. கொப்பியில் எழுதினேன்.

“அப்ப மணிக்கு ஒருக்கா யாராவது ஒத்தி எடுத்தா சரி” என்றாள் அனற்.

“நான் செய்றேன்” என்றாள் அக்கா.

“நீங்க சேலையப் பாக்கணும், முக்காட்டு நெட்டைப் பாக்கணும், தலையப் பாக்கணும்.” மேபல் ஆன்ட்டி என்னைக் காட்டினார். “இந்தப் புள்ள அனற் பக்கத்துல நிக்கட்டும். இவதான் மணி பாத்து எழுதுறா.”

“நானா? கோயில்லயா?”

“கலந்தது யாரு?”

அக்கா சட்டென்று தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள். அன்றைக்கு முதன்முறையாகச் சிரித்தாள்.

கலவையை என்ன செய்வது என்று அம்மாவிடம் கேட்டேன். குப்பையில் போடக்கூடாது, கால் படாத இடத்தில் கொட்டு என்றாள். ரோசாச் செடியின் அடியில் கொட்டினேன். பெரியம்மா வேறு திருநீறு கொடுத்து அனுப்பினார். அம்மா அதையும் ஓட்டை மூடி டப்பியில்தான் போட்டாள். நான் மூடியில் ‘திருநீறு’ என்று முழுதாக எழுதினேன். அக்காவின் டப்பியில் ‘முகப் பவுடர்’ என்று எழுதி, திறந்த தேதியையும் போட்டேன்.

கல்யாணத்தன்று கொப்பியைக் கைப்பையில் வைத்துக்கொண்டு மணப்பெண்ணுக்குப் பக்கத்தில் ஒரு அடி தள்ளி நின்றேன். முந்நூறு பேர் பார்க்கும் இடத்தில் மூக்கை ஒற்றுவதுதான் என் வேலை. முதல் தடவை கூச்சம் தடுத்தது. இரண்டாம் தடவை தடுக்கவில்லை. அனற் வாயை அசைக்காமல், “மினுங்குதா?” என்று கேட்பாள். நான் தலையாட்டுவேன்.

மூன்று வாரத்துக்குப் பிறகு அனற் படங்களை அனுப்பினாள். கூடவே ஒரு வரி: “என் சித்தி மக ஆவணியில கட்டுறா. சர்மிளா அக்காவத்தான் கேக்கிறா. தங்கச்சியும் வரணுமாம்.”

அக்கா அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தாள். நான் படங்களைப் பார்த்தேன். ஒவ்வொன்றிலும் மூக்கைப் பெரிதாக்கிப் பார்த்தேன். முகம் முகத்தின் நிறத்தில் இருந்தது. மினுக்கம் இல்லை. இருநூற்று ஏழாவது படத்தில் மட்டும் மூக்கின் நுனி நன்றாக மினுங்கியது. விருந்து மண்டபத்தில் எடுத்த படம். நேரம் 1.52.

கொப்பியை எடுத்துப் பார்த்தேன். 12.40க்கு ஒற்றியிருக்கிறேன். அடுத்தது 2.05. ஒரு மணித்தியாலத்துக்கு மேல் இடைவெளி. அந்த நேரம் நான் எங்கே போனேன்?

படத்தை இன்னும் பெரிதாக்கினேன். அனற்றின் தோளுக்குப் பின்னால், தூரத்து மேசையில் நான் இருந்தேன். என்னைச் சுற்றி அனற்றின் சித்திமார் நாலு பேர், கைப்பைகளைத் திறந்து வைத்துக்கொண்டு. மேசை முழுக்க டப்பிகள். ஒருவர் ஒரு கிறீமைக் கவிழ்த்து அடியில் எழுதியிருப்பதைத் தேடுகிறார். நான் வாயைத் திறந்து ஏதோ சொல்லிக்கொண்டிருக்கிறேன். கையில் யாருடையதோ ஒரு லிப்ஸ்டிக். மூடி கழற்றியது. மூக்குக்குப் பக்கத்தில் பிடித்திருக்கிறேன்.